ஜன்னலக்காவும் சுவத்து அடுப்பும்

போடிமெட்டிலிருந்து தேனி வரைக்கும் தேடினாலும் எங்கள் ஜன்னலக்கா அளவுக்கு நெருப்புக்கு மரியாதை கொடுத்த மனுஷி கிடைக்க மாட்டார். தீக்குச்சி கிழிப்பதென்றால்கூட முந்தானையை இடுப்பில் செருகி, முடியை அள்ளி முடிந்து, பக்கத்தில் நிற்கிறவர்களை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் கிழிப்பார்.

ஏலக்காய் எஸ்டேட் ஆபீஸில் அவர் ஸ்டோர் இன்சார்ஜ். நான் கணக்கு, கிரேசி கம்ப்யூட்டர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பழைய பங்களா. ஹால் சுவரில் கணப்பு இருந்தது. எஸ்டேட்டில் அதற்கு ஃபயர்பிளேஸ் என்று பேர். கிரேசிக்கு அது சுவத்து அடுப்பு.

முதல் வாரமே பல் கிடுகிடுத்தது. “அக்கா, பத்த வைப்பமா?” என்றாள் கிரேசி.

“பொறு ஆத்தா. மொதல்ல புகை போக வழி இருக்கான்னு பாப்போம்.”

ஆளை ஏற்றிப் புகைபோக்கியைக் குடைந்தால் ஒரு குருவிக்கூடு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கடைசியில் அரை விளக்குமாறு விழுந்தது. “நல்லவேளை, இதுக்குச் சொந்தக்காரி உள்ள இல்ல” என்றார் அக்கா. அடுத்து விறகு. ஈர விறகு ஆகாதென்று அவருடைய அறையிலேயே அடுக்கிக் காயப்போட்டார். விறகு அறைக்குள் சுகமாகக் கிடந்தது. அக்கா ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்.

ஒருவழியாகப் பற்றவைத்த அன்று, பொறி தெறிக்காமலிருக்கக் கோழிக்கூண்டு வலை ஒன்று முன்னால் வந்து நின்றது. கூடவே ஜன்னல் ஒரு சாண் திறந்தது. முன்பக்கம் வெந்தது, முதுகு விறைத்தது.

“அக்கா, ஜன்னல மூடுங்க. குளிர்ல செத்துருவோம்!”

“மூடுனாத்தேன்டி சாவீக.”

அன்றிலிருந்து அவர் ஜன்னலக்கா.

ஒரு தடவை முதலாளி மேலே வந்தார். பளபளவென்று பட்டுக்கரை வேட்டி. குளிருக்கு இதமாகக் கணப்பை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“முதலாளி, எந்திரிங்க” என்றார் அக்கா.

அவரிடம் அப்படிச் சொன்னவர்கள் அதுவரை யாரும் கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்தேவிட்டார். அக்கா நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போடவும், ஒரு கட்டை படீரென வெடித்துப் பொறி வலையில் மோதவும் சரியாக இருந்தது. முதலாளி தானாகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார். மிச்ச மீட்டிங் அங்கிருந்தே நடந்தது.

பக்கத்து பங்களாவுக்கு உதவி மேனேஜர் கல்யாணமான கையோடு மனைவியைக் கூட்டி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் கடையில் வைத்து அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னது: “எங்க வீட்ல புகைத் தொல்லையே இல்லக்கா. அவுக கரி மூட்டை வாங்கிட்டு வந்துட்டாக. குளிருக்குப் புகைபோக்கிய மூடி, ஜன்னல் இடுக்கெல்லாம் துணி வச்சு அடைச்சாச்சு.”

“கரி புகையாதுத்தா. ஆனா சத்தமில்லாம ஆள அமுக்கிரும். புகைபோக்கியத் திறந்துட்டுத் துணியெல்லாம் எடுத்துரு, என்ன?”

அது சிரித்துவிட்டுப் போய்விட்டது. அக்காவுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. பனி இறங்கியிருந்த சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

“அக்கா, புதுசாக் கல்யாணம் ஆனவுக. போயிக் கதவத் தட்டுனா நல்லாவா இருக்கும்?” என்றாள் கிரேசி.

“நல்லா இல்லாட்டிப் போகுது.”

கதவைத் தட்டினார். பதில் இல்லை. ஜன்னலைத் தட்டினார். வழியில் போன வேலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அப்போது உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அவ்வளவுதான், அக்கா குடைக்கம்பால் கண்ணாடியை உடைத்தார். கையை விட்டுக் கொக்கியை நீக்கி, சேலையோடு உள்ளே ஏறிக் குதித்துவிட்டார்.

அக்கா கதவைத் திறந்துவிட, நாங்களும் நுழைந்தோம். கணப்பில் கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. உதவி மேனேஜர் நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தார். அந்தப் பெண் கதவுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. மூன்று பேரும் இழுத்து வந்து வராந்தாவில் போட்டோம். பனிக்காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் பெண் முனகியது. மாப்பிள்ளை வாந்தியெடுத்தார், கண்ணைத் திறந்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“யாரு கண்ணாடிய ஒடச்சது? ஆபீஸ்ல கேப்பாகளே!”

“நாந்தேன். ஸ்டோர்ல வேற கண்ணாடி தாரேன். இப்ப மூச்ச இழு!”

ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்கு இறக்கி ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

ராத்திரி வீடு திரும்பினோம். கண்ணாடி கிழித்த அக்காவின் கையில் கட்டு. கிரேசி சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். இரண்டு வாய் வாங்கிவிட்டு, “அந்தப் புள்ள கதவு வரைக்கும் வந்துருச்சுடி” என்றார். அப்புறம் போய்ப் படுத்துவிட்டார். ஒரு அதட்டல் இல்லை, ஒரு முறைப்பு இல்லை. அந்த வீடு யார் வீடோ மாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் போர்வை பறந்தது. “ஏத்தா, எம்புட்டு நேரம் தூங்குவீக? ஆபீசு என்ன, ஒங்க மாமியா வீடா?”

கிரேசி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். நான் எழுந்திருக்காமல் கிடந்தேன். இன்னொரு தடவை திட்டட்டும் என்றிருந்தது.