ஹுசைன் பிடித்து வைத்த இடங்கள்

கடை விரித்து வெகுநேரமாகியும் ஹுசைனிடம் யாரும் எதையும் வாங்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவருடைய மேசையைப் பார்த்தார்கள், மேசைமேல் இருந்தவற்றைப் பார்த்தார்கள், பிறகு "சாரி, சாரி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகிப் போனார்கள். எதற்காக மன்னிப்பு என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

மேசைமேல் இருந்தவை அவர் மனைவி முனீரா கையால் பின்னிய டிஷ்யூ உறைகள். ஊதா, மஞ்சள், கிளிப்பச்சை என்று நூலில் பின்னி, ஓரத்தில் மணி கோத்து, ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு டிஷ்யூ பாக்கெட்டைச் செருகிக் கொடுத்திருந்தாள். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு சமூக மன்றத் திடலில் அன்று கைவினைச் சந்தை. கைவேலைக்காரர்கள் ஒரு பக்கம், சாப்பாட்டுக் கடைகள் மறுபக்கம். ஹுசைனுக்குக் கிடைத்த மேசையோ இரண்டுக்கும் நடுவில், சாப்பிடுகிறவர்களுக்குப் போட்ட மேசைகளோடு மேசையாக இருந்தது.

நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுத் தட்டோடு வந்த ஒரு பெண்மணி உறைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத்தனை பேர் வர்றாங்களா அண்ணே? பெரிய குடும்பம் லா!" என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் ஹுசைனுக்கு விஷயம் உறைத்தது.

இந்த ஊரில் சாப்பாட்டு மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். எழுதி வைத்த சட்டத்தையாவது நாலு பேர் மீறுவார்கள். எழுதாத இந்தச் சட்டத்தை மீற ஆளில்லை. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் நின்றுகொண்டே இருப்பார்களே தவிர, அந்தப் பாக்கெட்டை நகர்த்த யாருக்கும் கை வராது. ஹுசைனும் அப்படிப்பட்டவர்தான். தஞ்சோங் பகாரில் கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் மத்தியானம் டிஷ்யூ வைத்து இடம் பிடித்தே சாப்பிட்டவர். ஆட்குறைப்பு என்று சொல்லி அங்கே அவருடைய நாற்காலியையே எடுத்துக்கொண்டபோதுதான் எந்த டிஷ்யூவும் உதவிக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு பாசிர் ரிஸ் வீட்டில் ஜன்னலோரம் அவருக்கு நிரந்தரமான இடம். விண்ணப்பம் போட்டார், பதில் இல்லை. பேச என்ன இருக்கிறது? முனீரா எதிரே உட்கார்ந்து நூலைப் பின்னிக்கொண்டிருந்தாள். "சந்தையில கடை போடலாம்னு இருக்கேங்க" என்று ஒருநாள் சொன்னாள். தலையை ஆட்டினார். உள்ளுக்குள் அவருக்கு நெஞ்சு வெடித்தது. தன்னால்தானே இவளுக்கு இந்த வயதில் கடைத்தெருவுக்கு வரும் நிலை?

அன்று காலை கிளம்புகிற நேரத்தில் முனீரா, "முட்டி வலிக்குது, நீங்க மட்டும் போய்ட்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டாள். வலி முட்டியில் இல்லை, மனசில் என்று ஹுசைன் முடிவு கட்டினார். பாவம், ஒன்றும் விற்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறாள். வெறுங்கையோடு திரும்பினால் உடைந்துவிடுவாள். ஒரே ஓர் உறையையாவது விற்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று அவர் மனத்துக்குள் சத்தியமே செய்திருந்தார்.

சந்தையை நடத்துகிற குழுவில், முனீராவுக்குக் கடை பதிந்துகொடுத்த உமாமகேஸ்வரி என்ற பெண் ஓடியாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனார். பல நாளாகப் புழங்காத தொண்டை முதலில் கரகரத்தது.

"இந்த மேசை... வேற பக்கம் மாத்தித் தர முடியுமா?"

"அது மட்டும் கேக்காதீங்கண்ணே. லேஅவுட் எல்லாம் ஃபிக்ஸ் ஆயிருச்சு."

"அந்த மூலையில ஒண்ணு காலியா இருக்கே?"

உமாமகேஸ்வரி அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஒரு கால் வருதுண்ணே" என்று நழுவிவிட்டாள்.

சரி, நமக்கு நாமே துணை என்று ஹுசைன் ஓர் அட்டையை எடுத்து, 'விற்பனைக்கு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி மேசைமேல் நிறுத்தினார். உடனே பலன் கிடைத்தது. கண்ணாடி போட்ட ஒருவர் நின்றார், படித்தார், முகம் சிவந்தார்.

"உக்கார்ற இடத்தை விக்கறீங்களா?"

"இல்ல, இல்ல..."

"நானும் எவ்வளவோ பாத்திருக்கேன். டிஷ்யூ வச்சு இடம் பிடிச்சு, அதை அடுத்தவனுக்கு விக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

அவர் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனார். ஹுசைன் அவசர அவசரமாக அட்டையை மேசைக்கு அடியில் ஒளித்தார். முதலுக்கே மோசமாகிவிடும்போல் இருந்தது.

பக்கத்து மேசையில் வாசனை மெழுகுவத்தி விற்ற தாரணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இருபது வயசுப் பெண். வந்ததிலிருந்து கை ஓயாமல் விற்றுக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், எல்லாத்தையும் ஒரே எடத்துல குவிச்சு வச்சா பயந்துடுவாங்க. சாம்பிள் மாதிரி சாப்பாட்டு டேபிள்ல ஒண்ணு ரெண்டு வைங்க. சாப்பிடறப்ப தொட்டுப் பாப்பாங்க, பிடிச்சா உங்ககிட்ட வருவாங்க. தட்ஸ் மார்க்கெட்டிங்!"

ஒன்றிரண்டு என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். ஆனால் ஹுசைன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர். சாப்பாட்டு மேசைகள் காலியாக இருந்த நேரம் பார்த்து, மேசைக்கு ஒன்றாக, பெரிய மேசைக்கு நாலு மூலைக்கு நாலாக, ஒன்றுகூட மிச்சமில்லாமல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திடல் முழுவதும் முனீராவின் நிறங்கள். பார்க்கவே கண் நிறைந்தது. அவள் வந்து பார்த்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வந்தது.

தட்டுகளோடு வந்தவர்கள் மேசைகளைப் பார்த்தார்கள். ஒன்றிலும் ஆளில்லை. ஒன்றிலும் இடமில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். கைத்தடி ஊன்றிய சீனப் பெரியவர் ஒருவர் தூணில் சாய்ந்துகொண்டு மீ சியாம் சேமியாவை நின்றபடியே சாப்பிட்டார். மற்றவர்கள் ஆறிப்போகும் சூப்பைக் கையில் ஏந்தி, ஏதோ பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பேர் கூடியும் திடலில் துக்க வீட்டு அமைதி.

உமாமகேஸ்வரி ஓடி வந்தாள். "அண்ணே, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? எடுங்கண்ணே, உடனே எடுங்க!"

ஹுசைன் பதறிப்போய் மேசை மேசையாக ஓடி உறைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். மூன்றாவது மேசையில் ஒரு கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பரமசிவம் என்பவரின் கை அது. இன்னொரு கையில் மீன் சூப்.

"தம்பி, மூத்தவன் சொல்றேன். அடுத்தவங்க பிடிச்ச இடத்தை எடுக்காதீங்க."

"இது என்னோடதுங்க."

"அந்த டேபிள்ல எடுத்தீங்களே?"

"அதுவும் என்னோடதுதான்."

"அதுக்கு அடுத்தது?"

"எல்லாமே என்னோடதுதாங்க!"

பரமசிவம் சூப்பைக் கீழே வைத்தார். அவர் லேசில் சூப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறவர் அல்ல என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஒத்த ஆளு இத்தனை டேபிள ச்சோப் பண்ணி, எல்லா இடத்தையும் பிடிச்சு வச்சிருக்கீங்க. புள்ளகாரி படிக்கட்டுல உக்காந்திருக்கா. வயசானவர் நின்னுக்கிட்டே சாப்பிடறாரு. வெக்கமா இல்ல?"

அந்தச் சொல் எங்கே போய்ப் பட்டதோ, ஹுசைனுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது பிய்த்துக்கொண்டு வந்தது.

"வெக்கமா? ஆமாங்க, வெக்கமாத்தான் இருக்கு! வேலை போயி வீட்டுல கெடக்கறேன். எம் பொண்டாட்டி கண்ணு வலிக்க வலிக்கப் பின்னினது இது! இடம் பிடிக்கறதுக்கில்ல, விக்கறதுக்கு! காலையிலேருந்து ஒருத்தர் வெல கேக்கல. வர்றவங்கல்லாம் சாரி சாரின்னுட்டுப் போறீங்க. நான் என்ன மவுத்து வீட்டுலயா உக்காந்திருக்கேன்?"

திடலே திரும்பிப் பார்த்தது. தூரத்தில் உமாமகேஸ்வரிகூடக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஹுசைன் தனக்கு வேலை போனதை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதையும் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்.

பரமசிவத்தின் பிடி தளர்ந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி கத்தப் போறேன்?"

"சொல்ல விட்டீங்களா நீங்க?"

"இப்பவும் கத்தறீங்களே."

"நிறுத்தத் தெரியலங்க!"

பரமசிவம் சிரித்துவிட்டார். "உக்காருங்க. எம் மகனுக்கும் துவாஸ் ஃபேக்டரியில இதே கதிதான். அவனாவது இப்படிக் கத்தியிருந்தா நல்லாயிருக்கும்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர்கள் உட்கார்ந்ததும் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்து, ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்தார்கள். பரமசிவம் இன்னொரு சூப் வாங்கி வந்தார். ஹுசைன் பேச ஆரம்பித்தார். சரக்குக் கப்பலைப் பற்றி, மேலதிகாரியைப் பற்றி, ஆட்குறைப்பு அன்று ஒரு செடித்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வீடு திரும்பியதைப் பற்றி. யாரும் கேட்காததையெல்லாம் சொன்னார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரமசிவம் தன் பழைய பேருந்துத் தடத்தை நிறுத்தம் நிறுத்தமாக விவரித்துப் பழிதீர்த்துக்கொண்டார்.

பரமசிவம் விடைபெற்றுப் போன பிறகுதான் ஹுசைனுக்குக் கடை ஞாபகம் வந்தது. எழுந்து பார்த்தார். மேசைகளில் தட்டுகள் இருந்தன, எலும்புகள் இருந்தன. உறைகளைக் காணோம்.

தாரணி தயங்கித் தயங்கி வந்தாள். "அங்கிள்... சாப்பிட வந்தவங்க எல்லாம் ஃப்ரீ கிஃப்ட்டுன்னு நெனச்சு எடுத்துட்டுப் போய்ட்டாங்க. நான் சொல்றதுக்குள்ள போய்ட்டாங்க லா. ரொம்ப அழகா இருக்கு, தேங்க்ஸ் சொல்லுங்கன்னு சொன்னாங்க."

ஹுசைன் மேசைகளுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். ஒன்றையாவது விற்கவேண்டும் என்று வந்தவர், ஒன்றையும் விற்காமல் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு நிற்கிறார். கையில் மிஞ்சியது அவர் பொறுக்கி எடுத்த மூன்று உறைகள்தான். முனீரா இரவு பகலாகப் பின்னிய பின்னல் எல்லாம் எவர் எவர் பையிலோ போய்க்கொண்டிருக்கிறது. அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

உமாமகேஸ்வரி வருவதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

"தங்கச்சி, உனக்குப் புண்ணியமாப் போகும். இங்க நடந்தது எதுவும் முனீராவுக்குத் தெரியக்கூடாது. எல்லாம் வித்துப் போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். இந்தக் கடைய நம்பித்தான் அவ இருக்கா. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருவா."

உமாமகேஸ்வரி கைப்பேசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னண்ணே நீங்க, 'வேலை போனதுலேருந்து மனுஷன் வாயே தெறக்கல, சாப்பாட்டுக் கூட்டத்துக்கு நட்டநடுவுல ஒரு மேசை குடும்மா, யாரோடயாவது ஒரு சண்டையாவது போடட்டும்'னு என்கிட்டக் கேட்டு வாங்கினதே முனீரா அக்காதான், நீங்க கத்தினத போன்ல கேட்டதும் 'அல்ஹம்துலில்லாஹ்'னு சொல்லி ஒரே அழுகை!"