படகு வந்தபோது அம்மா கரைக்குப் போனாள்

மணல்மேட்டுக்குப்பத்துப் பொதுமக்களுக்கும், காரைக்கால் வட்டார மாணவச் செல்வங்களுக்கும், ஆங்கிலம் பேசும் அகில உலகத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஓர் இங்கிலீஷ் வாக்கியம் எந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் கடந்த ஞாயிற்றுக்கிழமை முதல் மேற்படி குப்பத்தின் மீனவப் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டது. லண்டனுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

ஊருக்கு இந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் சிவசுப்பிரமணியன். பட்டினச்சேரி போகும் வழியில், ஐஸ் கம்பெனி மாடியில், 'சிவா குளோபல் இங்கிலீஷ் அகாடமி' என்ற பெயரில் டியூஷன் நடத்துகிறவர். கடற்கரை வெயிலிலும் டை கட்டுவார். 'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியத்தை மட்டும் எந்த மொழியிலும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மாரியம்மாள் மீன்கூடையோடு மாடியேறி வந்தாள். பின்னால் மகள் ஜெயப்ரியா. கூடையிலிருந்து ஒரு பரீட்சைத்தாளை உருவி மேசைமேல் போட்டாள். தாளில் சங்கரா மீன் வாசம்.

"என்னா சாரு இது அநியாயம்? நீங்க சொல்லிக் குடுத்ததத்தானே எம்பொண்ணு எழுதும்? பள்ளிக்கூடத்துல தப்புன்னு போட்டுட்டாங்க."

அம்மா பேசும்போது வாய் திறந்து ஜெயப்ரியாவுக்குப் பழக்கமில்லை. காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

'படகு வந்தபோது அம்மா கரைக்குப் போனாள்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம். சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா என்று கேள்வி. ஜெயப்ரியா காம்பவுண்ட் என்று எழுதியிருந்தாள்.

பார்த்த மாத்திரத்தில் சிவசுப்பிரமணியனுக்கு விடை தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை, காம்ப்ளெக்ஸ்தான். இதைப் போயா தப்பாக நடத்தித் தொலைத்தோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண்ணையே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது என்பது தெரியாதவர்கள் செய்கிற வேலை.

"தப்பா சொல்லிக் குடுத்திருந்தா சொல்லிப்புடுங்க சாரு, கோவமில்ல. எங்க தெருப் புள்ளைவள எல்லாம் நெல்சன் சாரு டியூஷனுக்கு மாத்திக்கிறோம்."

அந்தத் தெருப் பிள்ளைகள் போனால் அகாடமியில் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான்.

"நானா? தப்பா?" டையை இறுக்கினார். "ஆன்சர் கரெக்ட்டும்மா. உங்க டீச்சருக்குத்தான் இங்கிலீஷ் பத்தல."

அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு மாரியம்மாள் மாடியிறங்கினாள். விளக்கு வைப்பதற்குள் அது பஞ்சாயத்தில் பிராதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. தலைவர் சிங்காரவேலு வலைத்தகராறு, படகுத்தகராறு எல்லாம் பார்த்தவர். வாக்கியத்தகராறு இதுதான் முதல். சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, தாளில் தப்புப் போட்ட ஆக்சிலியா டீச்சரும் வந்திருந்தார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர்," என்றார் தலைவர்.

"ரொம்பச் சுலபங்க. 'அம்மா கரைக்குப் போனாள்'ங்கிறது தனியா நிக்கும். 'படகு வந்தபோது'ங்கிறது தனியா நிக்காது, அம்மாவச் சார்ந்துதான் நிக்கும். அதனால காம்ப்ளெக்ஸ்."

கூடம் வெடித்தது.

"படகு பொம்பளைய நம்பி நிக்குதா?" ஆண்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"பின்ன? எங்க நகையெல்லாம் எங்க போச்சு? அடகுக்குப் போயி படகுல என்ஜினாத்தானே ஓடுது!" என்று மீன்காரப் பெண்கள் மறுபக்கம் எழுந்தார்கள். "டீச்சரு சொல்றதுதான் சரி!"

மாரியம்மாளுக்கே டீச்சர் கட்சிக்குத் தாவிவிடலாமா என்று சபலம் தட்டியது. அது அவள் முகத்தில் தெரிந்ததும் சிவசுப்பிரமணியன் குறுக்கே பாய்ந்தார்.

"பெரியோர்களே! படகு வந்திச்சு. அம்மா போனாங்க. ரெண்டும் ரெண்டு வேலை. யாரும் யாருக்கும் கீழ இல்ல. ரெண்டு பேரும் சமம். சமமா இருந்தா காம்பவுண்ட்!"

சிங்காரவேலுவுக்கு உயிர் வந்தது. இரண்டு கட்சிக்கும் மனத்தாங்கல் இல்லாமல் அனுப்புவதுதான் அந்தப் பஞ்சாயத்தின் வழக்கம்.

"காம்பவுண்டுதான். முடிஞ்சுது."

"இங்கிலீஷ் இலக்கணம் உலகத்துக்கே ஒண்ணுதாங்க," என்றார் டீச்சர்.

"உலகத்துக்கு இருக்கலாம் டீச்சர். இது பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு. மார்க்கு உங்க இஷ்டம், ஊர்க்கட்டுப்பாடு எங்க இஷ்டம். இனிமே நம்ம புள்ளைவ காம்பவுண்டுன்னுதான் எழுதணும். சாரு, நீங்க அத போர்டுல எழுதி வாசல்ல மாட்டிப்புடுங்க."

சிவசுப்பிரமணியன் கும்பிட்டார். வாழ்நாள் முழுக்கத் தப்பைச் சொல்லிக் கொடுக்கும் உத்தியோகம் ஊர் முன்னிலையில் உறுதியாகிவிட்டது. டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் அகாடமி பிழைத்தது.

சாயங்காலம் அம்மா கொடுத்தனுப்பிய வஞ்சிரத்தோடு ஜெயப்ரியா வந்தாள். அவர் ஸ்டூலில் ஏறி நின்று வாசலில் போர்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா ஜெயப்ரியா? சார் சொல்லிக் குடுத்தது எப்பவாவது தோத்திருக்கா?"

"தோக்கல சார்," என்றாள் ஜெயப்ரியா. "நீங்க காம்ப்ளெக்ஸ்னு நடத்துனீங்களாம், மத்தவங்க எல்லாரும் அதத்தான் எழுதி ஃபுல் மார்க் வாங்கியிருக்காங்க. நான் அன்னைக்கு டியூஷனுக்கு வரல."