எம்பார் ஊசி எடுத்த படலம்

வாழ்க எம்பார்! வீரராகவப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் புளியோதரைப் பெரும்புகழ் ஈட்டிய பாஷ்யம் ஐயங்காரின் தவப்புதல்வன், திருவள்ளூர் பாசஞ்சரில் நாள்தோறும் பட்டணம் ஏகி மருத்துவம் பயிலும் முதலாண்டுச் சிங்கம், எலும்பனைத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் நாவன்மையன், அறுத்துக் கிடந்த பிரேதத்தின் முன்னும் அசராது நின்று, வீடு திரும்பிக் கிணற்றடியில் தலைமுழுகி, தயிர்சாதம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே உண்ட தீரன், வாழ்க! அப்பேர்ப்பட்டவன் ஒரு குண்டூசி அளவு ஊசிக்கு அஞ்சினான் என்று சொல்ல எனக்கே நாக் கூசுகிறது. ஆனாலும் அஞ்சினான்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு, உடலியல் செய்முறைக் கூடம். மாணவர் ஒவ்வொருவரும் தம் விரலைத் தாமே குத்தி, வரும் துளியைக் கண்ணாடிக் குழலால் உறிஞ்சி, ரத்தத்தின் வலுவை அளக்க வேண்டும் என்பது அங்கே மரபு. முதல்முறை காய்ச்சல் என்று தப்பினான். அடுத்தமுறை அக்காள் சீமந்தம் என்று தப்பினான். இன்று தப்ப வழியில்லை. ஆசிரியர் ஆதிநாராயணன் மேசையைத் தட்டி முழங்கினார்.

“அவனவன் ரத்தம், அவனவன் கை! இன்னிக்குக் குத்திக்காதவன் பரீட்சைக்கு வர வேணாம். அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட குந்திக்கினு குத்திக்கட்டும்!”

ஓராண்டு போய்விடும்! எழுந்தான் எம்பார். ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சால் மோதிரவிரலைத் துடைத்தான். காய்ந்துவிட்டதென்று மறுபடி துடைத்தான். சுத்தம் போதாதென்று மீண்டும் துடைத்தான். ஊசியை ஓங்குவான், மூச்சடக்குவான், விரலருகே வந்ததும் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துக் கையை இறக்குவான். படையெடுப்பதும் பின்வாங்குவதுமாக வகுப்பு முடியும் வேளை நெருங்கிற்று. பக்கத்து இருக்கை மீஞ்சூர் ஆரோக்கியமேரியோ, கத்திரிக்காய் நறுக்குபவள்போல் சட்டெனத் தன் வேலையை முடித்துவிட்டு இந்த யுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா எம்பாரு, வெரலுக்குப் பூசையா பண்ணிக்கினு கீற? குடு, நான் குத்தறேன்.”

“வேண்டாம்! என் விரல், என் ஊசி! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!”

“அப்போ கையாவது ஆடாம இருக்கட்டும்” என்று அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பிணி தீர்க்கும் வீரராகவா, அடியேனைக் காவாய் என வேண்டி, கண்ணிரண்டையும் இறுக மூடி, பல்லைக் கடித்து, குலப்பெருமை அனைத்தையும் வலக்கையில் திரட்டி, ஊசியை இறக்கினான் மாவீரன். குத்து விழுந்தது. குருதி பொங்கிற்று. அடடா, வலியே இல்லை! வென்றோம் என்று கண் திறந்தவன் கண்டது, ஆரோக்கியமேரியின் கட்டைவிரலில் ஒரு செந்துளி.

“ஐயோ, என் வெரலுய்யா அது! உன்னோட பெரிய பேஜாரு!”

பிரேதத்தில் இப்படிப் புது ரத்தம் ஏது, பாவம், அவன் எங்கே பழகியிருப்பான்? கண் சொருக, கால் மடங்க, மடப்பள்ளி அரிசிமூட்டை சரிவதுபோல் சாய்ந்தான். ஆசிரியர் தண்ணீருக்கு ஓடினார். அந்த இடைவெளியில், தன் விரலைப் பஞ்சால் அழுத்தியபடியே குனிந்த ஆரோக்கியமேரி, வேறோர் ஊசி எடுத்து, ஒப்பற்ற அந்த வீரனின் விரலில் நறுக்கென்று ஒன்று வைத்தாள். அவன் அசையவே இல்லை.

சொம்போடு திரும்பிய ஆசிரியர், விரலில் ரத்தத்தைக் கண்டு முகம் மலர்ந்தார்.

“பரவால்லியே, குத்திக்கினுதான் வுழுந்துகிறான்!”

அளந்து பார்த்ததில் எம்பாரின் ரத்தத்துக்கு வலு பதினாலு கிராம், ஒரு குறையுமில்லை.