போர்வை மடிக்கத் தெரியாத ராஜ்ஜியங்கள்

கடல் நடுவே கரண்டி பிடித்து நிற்கும் என் அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் சமையலறைக் குழாயும் நலமாக இருக்கிறோம். மூவரில் குழாய் நலம் என்பது மட்டும்தான் உண்மை. நீயும் உன் அடுப்பும், உன் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடும் அந்த எண்ணெய்க் கிணற்று ஆட்களும் சுகமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எழுது. ஆமாம் என்றாலும் எழுது.

போன மாதம் நாம் போனில் போட்ட சண்டையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. தப்பு உன் மேலும் இல்லை, என் மேலும் இல்லை, நடுவில் இருக்கும் கடல் மேல். நான் "சாப்டியா" என்று கேட்டது உன் எண்ணெய்க் கிணற்று மேடைக்கு வந்து சேர்வதற்குள் நீ வேறெதையோ சொல்ல ஆரம்பிக்க, அது இங்கே வந்து சேர்வதற்குள் நான் "ஏண்டா பதில் சொல்ல மாட்டேங்கிற" என்று கேட்க, உன் "சாப்டேன்" என் அடுத்த கேள்வியின் தலையில் வந்து விழ, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் ஆரம்பித்து, கடைசியில் "இனிமே போனே வேணாம்க்கா" என்று நீ சொன்னது மட்டும் தாமதமே இல்லாமல் பளிச்சென்று கேட்டது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. விடு. அப்புறம் நீயே எழுதினாய், அங்கே படம் ஓடாது, குரல் திணறும், எழுத்து மட்டும்தான் ஒழுங்காக வரும் என்று. "எழுத்துலேயே பல பேர் சேர்ந்து வேஷம் கட்டி ஆடுற விளையாட்டு நெட்ல இருக்குக்கா, இலவசம்தான். நீ நல்லதா ஒண்ணைத் தேர்ந்தெடுத்து வை, வேலை முடிஞ்சதும் நானும் வந்து சேர்றேன். ஒருத்தர் அடிச்சு முடிச்சாத்தான் இன்னொருத்தருக்குத் தெரியும், சண்டையே வராது" என்றாய். ஆயுள் முழுக்க ஓட்டல் அறைகளைச் சோதனை போட்டு, தலையணை உறையில் ஒரு முடி இருந்தாலும் திருப்பி அனுப்பியவளிடம் தேர்ந்தெடுக்கச் சொன்னது உன் தப்பு. இனி வருவது என் அறிக்கை.

செல்போன் ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிட்டு, பழைய கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, இந்த விளையாட்டுகளின் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி: "ரத்தமும் துரோகமும்", "சாபமும் சாம்பலும்". சுத்தம், காற்றோட்டம் என்று ஒருவரும் போடவில்லை. முதலில் ஒரு ராஜ்ஜியத்தைத் தொட்டேன். நீ யார் என்று கேட்டது: மனிதரா, பூதமா, வனதேவதையா, குள்ளரா. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வனதேவதை போடுங்க மேடம், மந்திரம் எல்லாம் வரும்" என்றார். நான் குள்ளச்சி என்று போட்டேன். கட்டிலுக்கு அடியில் பார்க்கக் குனிய வேண்டாம் பார். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

படம் என்று ஒன்றுமே கிடையாது தம்பி. நாம் எங்கே நிற்கிறோம் என்று நாலு வரி வரும், என்ன செய்கிறோம் என்று நாம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வந்த நாலு வரி இது: "நீ ஒரு பாழடைந்த மண்டபத்தில் நிற்கிறாய். தரையெங்கும் எலும்புகள். மூலையில் துருப்பிடித்த வாள். சிலந்திவலை உன் முகத்தில் உரசுகிறது. வடக்கே ஒரு கதவு." மற்றவர்கள் எல்லாம் வாளை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விடுவார்களாம். அறையை அப்படியே போட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. "சிலந்திவலையைத் துடை" என்று அடித்தேன். "நீ சொல்வது புரியவில்லை" என்றது. "பெருக்கு" என்றேன். புரியவில்லை. "தூசி தட்டு", "விளக்குமாறு எங்கே", "இங்கே பொறுப்பாளர் யார்" எதுவுமே புரியவில்லை. "எடு" மட்டும் புரிந்தது. சரியென்று எலும்பு, வாள், உடைந்த கேடயம் எல்லாவற்றையும் எடுத்து, பக்கத்து அறையில் வகைவகையாகப் பிரித்து அடுக்கினேன். வேறு ஆள் வந்து போட்டதையும் அடுக்கினேன். மறுநாளும் போய் அடுக்கினேன். அந்த வாள் புதிதாக வருகிறவர்களுக்காகவே அங்கே கிடக்கிறது என்றும், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓநாய் நிற்கிறது என்றும் எனக்கு யார் சொன்னார்கள்? என் புண்ணியத்தில் வெறுங்கையோடு போனவர்களையெல்லாம் ஓநாய் சாப்பிட்டுத் தீர்த்து, ராஜ்ஜியத்தில் புது ஆளே தங்காமல் போய், கடைசியில் மகாமந்திரி என்று ஒருவர் திரையில் வந்தார். "ஏம்மா, வாளையெல்லாம் திருடி எங்க வெச்சிருக்க?" என்றார். திருடியா! விருந்தாளி விட்டுப்போன மோதிரத்தைச் சீட்டு ஒட்டிப் பூட்டி வைத்துத் திருப்பிக் கொடுத்தவள் நான். "ஐயா, உங்க மண்டபத்துல எலும்பைக்கூட யாரும் அள்றதில்ல, நீங்க என்னைத் திருடிங்கறீங்களா" என்று அடித்து முடிப்பதற்குள் கதவை என் முகத்தில் சாத்திவிட்டார்கள். ஆக, முதல் ராஜ்ஜியம் தள்ளுபடி.

இரண்டாவது, ஆகாயக் கப்பல். அங்கே வாளும் இல்லை, ஓநாயும் இல்லை. எடுத்த வேஷத்தை விட்டு இறங்காமல் பேச வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். எனக்கு மருத்துவ உதவியாளர் வேஷம் கொடுத்தார்கள். உள்ளே போனால் தளபதி ஜன்னலோரம் நிற்கிறார். "தளபதி நட்சத்திரங்களை வெறிக்கிறார். ஒரு நீண்ட பெருமூச்சு விடுகிறார்" என்று வந்தது. நான் காத்திருந்தேன். காய் நறுக்கிவிட்டு வந்தேன். "மீண்டும் பெருமூச்சு விடுகிறார்" என்று வந்தது. பொறுக்க முடியாமல், "என்னப்பா ஆச்சு" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், அழிந்துபோன தன் கிரகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. சூடாக ஏதாவது குடித்துவிட்டுக் கொஞ்சம் தூங்குங்கள் என்றேன். மறுநாள் என் அறை வாசலில் கப்பலே வரிசையில் நிற்கிறது. ஒருவருக்குக் காதல் தோல்வி, ஒருவருக்குப் பாதி உடம்பு இயந்திரம், ஒருவர் தானே எதிரியின் உளவாளி என்று என்னிடம் மட்டும் சொல்லி அழுகிறார். அந்த நேரம் பார்த்து எதிரிக் கப்பல் தாக்கியது. எல்லோரும் தளபதியின் உத்தரவுக்காகக் காத்திருக்க, தளபதியிடமிருந்து வந்தது இதுதான்: "சாரி, குழந்தை முழிச்சுட்டான், டயப்பர் மாத்தணும், யாராவது பாத்துக்குங்க." கப்பல் வெடித்துவிட்டது. நான் செத்தது அதுதான் முதல் தடவை, வலிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே அத்தனை பேர் அழுதும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழவில்லை. நீ சொன்னது சரிதான். இருந்தாலும் வேலை முடிந்து களைத்து வரும் உனக்கு இத்தனை பேர் கண்ணீர் தாங்காது. அதுவும் தள்ளுபடி.

மூன்றாவது ஒரு துறைமுக ஊர். சின்ன ஊர், ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே "மூன்று விளக்கு விடுதி" என்று ஒன்று. உள்ளே கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது, யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று. படிக்கட்டில் கைப்பிடி இருந்தது தம்பி! பழைய பழக்கத்தில் "போர்வையை மடி" என்று அடித்தேன். புரியவில்லை என்றது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆந்தை என்று பெயர் வைத்த ஒருவர் திரையில் வந்தார். ஊரையே எழுதி நடத்துகிறவர் அவர்தானாம், பகலில் குழாய் ரிப்பேர் வேலை.

"போர்வையை எதுக்கும்மா மடிக்கணும்?" என்றார்.

"யாராவது வந்து படுக்க வேண்டாமா?" என்றேன்.

"பல வருஷமா இதை நடத்துறேன். டிராகனைக் கொல்றதுக்கு எத்தனையோ வழி எழுதி வெச்சிருக்கேன். போர்வையை மடிக்க இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லம்மா" என்றார். மறுநாள் போய் அடித்துப் பார்த்தால் மடிந்தது! அடுத்த நாள் "துடை" புரிந்தது. அதற்கடுத்து "உதறு", "விரி", "காயப்போடு". என் சமையலறைக் குழாய்க்கு என்ன வாஷர் போட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார், அதனால்தான் மேலே குழாயின் நலத்தை உறுதியாகச் சொன்னேன்.

ஆனால் தம்பி, தேர்வு என்று வந்துவிட்டால் உறவு பார்க்கக் கூடாது. அந்த ஊரிலும் குறை உண்டு. டிராகனைக் கொன்றுவிட்டு வருகிற வீரன் ஒருவன் ரத்தத்தோடு அப்படியே வெள்ளைப் படுக்கையில் விழுகிறான். "காலைக் கழுவுனியா" என்று கேட்டால், "நான் யார் தெரியுமா, ஒன்பது ராஜ்ஜியம் என் பேரைக் கேட்டு நடுங்கும்" என்கிறான். நடுங்கட்டும், விரிப்பைத் துவைப்பது யார்? துவைத்தேன். நான்தான் துவைத்தேன். ஓய்வு பெற்று மாலை போட்டு அனுப்பியவளை, சம்பளமில்லாமல் அதே வேலைக்கு உட்கார வைத்திருக்கிறது உன் யோசனை. முழங்கால் மட்டும்தான் அங்கே வலிக்காது.

ஆகவே என் முடிவு: மூன்றும் சரிப்படாது. இந்த வயதில் எனக்கு விளையாட்டும் வேண்டாம், வேஷமும் வேண்டாம். கணக்கை மூடிவிட்டேன் என்றே வைத்துக்கொள். நீயும் எனக்காகத் தூக்கம் கெட்டு உட்கார வேண்டாம். அடுப்படியில் நின்ற கால், வேலை முடிந்ததும் நீட்டிப் படு. ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், உனக்குச் சரியென்று பட்டால் கையெழுத்துப் போடு. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். தனியாக இருந்து பழகிவிட்டது. என்னை நினைத்து நீ எதையும் மாற்ற வேண்டியதில்லை.

உன் எண்ணெய் தெறிக்காமலும், உன் கத்தி வழுக்காமலும், கடல் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்ளவும் வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் கோபத்தில் எழுதியது, விடு. விடுதியில் மாடியில் உனக்கு ஒரு அறை பிடித்து வைத்திருக்கிறேன். சாயங்காலத்தில் ஆள் இல்லாத அறையை அந்த ஊர் தானாகவே வேறொருவருக்குக் கொடுத்துவிடுமாம், ஆந்தை நினைத்தாலும் மாற்ற முடியாதாம், அதனால் தினமும் நான் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். ஜன்னல் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். கடல் தெரியாத பக்கமாகக் கேட்டேன், நீ பார்த்த கடல் போதும். வடக்குப் படி ஏறி இடது கை அறை. முதல் மண்டபத்தில் ஓநாய்க்கு இரையானவர்களில் நீயும் ஒருவனாக இருந்தால் மன்னித்துக்கொள். உள்ளே வந்ததும் "பார்" என்று அடி. என்ன வரவேண்டும் என்று ஆந்தை என்னையே எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "இது தம்பியின் அறை. போர்வை உதறி விரித்திருக்கிறது. ஜன்னலில் ஒரு மரம் தெரிகிறது. நாற்காலியில் ஒரு குள்ளச்சி உட்கார்ந்திருக்கிறாள். நீ சாப்பிட்டாயா என்று அவள் கேட்கிறாள். பதில் வரும்வரை வேறு எதுவும் பேச மாட்டாள்."