ஆறு கிலோவாட் வாத்தியார்

கேள்வியை ஒழுங்காகப் படிக்காமல் கணக்குப் போடும் பிள்ளைகளை இருபத்திரண்டு வருடமாக பெஞ்சு மேல் ஏற்றிவந்தவன் நான். நியாயமாகப் பார்த்தால் என்னையும் ஒருநாள் ஏற்றியிருக்க வேண்டும். (மொட்டை மாடியில் நின்றபடியே மானம் போனதால் பெஞ்சு தேவைப்படவில்லை.)

சங்கரன்கோவில் வெயிலை வீணாக்குவானேன் என்று வீட்டு மாடியில் சோலார் போட முடிவு செய்தேன். என் மனைவி கோமதிக்கு ஒரே நிபந்தனை. "பாதி மாடி எனக்கு வேணும். வத்தல் காயப்போட வேற எங்கன போவேன்?" அவள் கூழ்வத்தலுக்குத் தெருவில் பாதி வீடு வாடிக்கை. சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

சோலார் போட வந்தவர் புளியங்குடி முருகையா அண்ணாச்சி. வந்ததும், "ஈபி கார்டைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கணக்கு வாத்தியாரிடமே கார்டு கேட்பதா?

"எல்லாம் போட்டு வச்சிருக்கேன். போன பில்லு எழுநூத்தி இருபது யூனிட். முப்பதால வகுத்தா நாளைக்கு இருபத்தி நாலு. ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட் தரும். அப்ப ஆறு கிலோவாட்!"

"வீட்ல இருக்கிறது ஒரே ஏசி, அதுக்கு இவ்வளவு ஓடுதா?" அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "சரி, வாத்தியார் சொல்லுதீங்க..."

பன்னிரண்டு பேனலுக்கு ஸ்டாண்டு அடித்தார்கள். ஆறு பேனல் ஏறிவிட்டது, ஆறு கீழே வண்டியில். சும்மா இருப்பேனா, பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நாலு பேரை மாடிக்கே வரவழைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கோமதி கூழ்ச் சட்டியோடு ஏறி வந்தாள். மாடி முழுக்க இரும்பு.

"பாதி மாடின்னு சொன்னீங்களே" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் நான் விடவில்லை; மொத்தக் கணக்கையும் முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்க, ரீடிங் எடுக்கிறவரு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான வாராரு? அப்ப எதுக்கு முப்பதால வகுத்தீங்க?"

வந்திருந்த நாலு பேரில் பி.டி. வாத்தியார் இருமினார். (அது இருமல் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

"அறுபதால வகுத்தா பன்னெண்டு. மூணு கிலோவாட் போதும். இதுக்குத்தான் சார் அன்னைக்கே கார்டு கேட்டேன்" என்றார் அண்ணாச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு.

வண்டியிலிருந்த ஆறு பேனலும் புளியங்குடிக்கே திரும்பின. அவற்றுக்காகக் கான்கிரீட்டில் ஊன்றிய ஸ்டாண்டு மட்டும் காலியாக நின்றது. மறுநாள் காலை கோமதி என் வேட்டிகள் இரண்டை அதன் மேல் இழுத்துக் கட்டி வத்தல் பிழிந்தாள். இடுப்பு உயரம், குனிய வேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் நான் செய்து கொடுத்த ஒரே வசதி என்று இன்றுவரை சொல்கிறாள். கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மகள்தான் விடுவதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று நான் சொன்னால்கூட, "அறுபதால வகுத்தாச்சாப்பா?" என்கிறாள். நேற்று எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"கோமதி, அந்த மிச்ச மூணு கிலோவாட்டுல காயவச்ச வத்தல் இருக்கா?"