வழிமொழிய ஒருவர்

இந்தியாவில் தொழிற்சங்கம் என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து, எங்கள் ‘வழிமொழி’யைப் போல உட்கார்ந்து எழுந்தவர் வேறு யாரும் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் அல்சூர் பக்கம் இருந்த எங்கள் ஃபேன் ஃபேக்டரியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். சங்கக் கூட்டத்தில் யார் எந்தத் தீர்மானம் கொண்டுவந்தாலும் விருட்டென்று எழுந்து “வழிமொழிகிறேன்” என்பார். கன்னடத்தில் முன்மொழிந்தாலும் அவர் தமிழில்தான். சம்பள உயர்வு உடனே வேண்டும் என்பதையும் வழிமொழிவார், அவசரமில்லை என்பதையும் வழிமொழிவார். கேன்டீனில் எவனாவது சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று முணுமுணுத்தால்கூட எழுந்துவிடுவார். காக்ஸ் டவுன் சர்ச்சில் ஒரு கல்யாணம். மணப்பெண் சம்மதம் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்து இவர் எழ, பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒருமுறை எங்கள் அகில இந்திய சம்மேளனத்தின் தலைவர் டெல்லியிலிருந்து வந்தார். மில்லிலும் ரயில்வேயிலும் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன சங்கங்கள் எப்படி ஒரே குடையின் கீழ் வந்தன என்று இந்தியில் விளக்கினார். அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் வழிமொழி எழுந்தார். தலைவர் மிரண்டுபோய்த் தண்ணீர் கேட்டார்.

இந்தி புரிந்ததா அண்ணா என்று பிறகு கேட்டேன்.

“புரியலன்னா இன்னாப்பா? ஒரு மனுசன் தனியா நின்னு பேசறான். கூட ஒருத்தன் எந்திரிச்சு நிக்க வேணாமா?”

அப்புறம் ஃபேக்டரியை மூடினார்கள். ஃபேக்டரியே போன பிறகு சங்கம் எதற்கு, கலைத்துவிடலாம் என்று பொருளாளர் முன்மொழிந்தார். எல்லோரும் வழிமொழியைப் பார்த்தோம். மனுஷன் அசையவில்லை.

“எந்திரிங்கண்ணா,” என்றார் எங்கள் சங்கத் தலைவர் நஞ்சப்பா. “வழிமொழிய ஆள் இல்லைன்னா தீர்மானம் செல்லாது.”

“தெரியும். அதான் உக்காந்துக்கினு இருக்கேன்.”

நாங்களும் யாரும் எழவில்லை. சங்கம் பிழைத்தது. கண்ட கம்பெனிகளில் காண்ட்ராக்டுக்குப் போய்ச் சிதறிய எங்களுக்கு, ஒரு வம்பு என்றால் ஓடிவந்து நிற்க ஓர் இடம் மிஞ்சியது. சம்மேளனத்து வக்கீலை அழைத்துக்கொண்டு எங்களுக்காக லேபர் ஆபீஸ் படியேறியது அந்தச் சங்கம்தான்.

சில வருஷம் கழித்து வழிமொழி போய்விட்டார். கூட்டத்தில் நஞ்சப்பா இரங்கல் தீர்மானத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். கடைசி வரிசையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நஞ்சப்பாவும் வற்புறுத்தவில்லை.

வழிமொழிய ஆள் இல்லாத தீர்மானம் செல்லாது. எங்கள் சங்கத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் இருக்கிறார்.