நாவலின் நாயகிக்கு நில உரிமை

அரசு அலுவலகங்களில் இலக்கியம் வளர வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. எந்த மேலிடம் என்று யாரும் கேட்கவில்லை. மேலிடம் என்றால் மேலேதான் இருக்கும். மாதம் ஒரு நாவலை ஊழியர்கள் கலந்துரையாட வேண்டும். முடிவில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதன்மீது எடுத்த நடவடிக்கையை அறிக்கையாக அனுப்ப வேண்டும். சுற்றறிக்கை இவ்வளவுதான் சொன்னது.

நில அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல மனிதர், இளகிய மனசு. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். புன்னகை வாரம், மூச்சுப் பயிற்சி, கட்டுக் கட்டாகக் காகிதம் விழுங்கிய காகிதமில்லா அலுவலகம் என்று எல்லாவற்றையும் அலுங்காமல் குலுங்காமல் தாண்டி வந்தவர். கடைசி நேரத்தில் இலக்கியம் வந்து காலை வாரிவிடுமோ என்று பயந்தார்.

நாவலைப் பெரிய அதிகாரியே தேர்ந்தெடுத்தார். ஒரு பழங்குடிக் குடும்பம், அவர்களுடைய தாய்மொழி, மூதாதையர் விட்டுப்போன நிலம் என்று நானூறு பக்கத்துக்குப் போகும் நாவல். அந்த வருஷம் பழங்குடிதான் மோஸ்தர். அதிகாரியின் மனைவி கழுத்தில் தங்கம் இறங்கிப் பாசிமணி ஏறியிருந்தது. வீட்டு வரவேற்பறையில் ஒரு வில் தொங்கியது. அம்பு இன்னும் தபாலில் வந்துகொண்டிருந்தது.

கூட்டத்தன்று ஒரு சிக்கல். பொதுமக்கள் பங்கேற்க வேண்டும் என்று சுற்றறிக்கையின் அடியில் ஒரு வரி இருந்தது. தலைமை எழுத்தர் வெளியே எட்டிப் பார்த்தார். தாழ்வார பெஞ்சில் வழக்கம்போல ஆற்றோரத்து அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆற்றோரத்தில் தன் சனங்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு மனுப் போட்டவள். அவள் வந்து வந்து பெஞ்சுக்கே பளபளப்பு ஏறியிருந்தது.

"அம்மா, உள்ள வந்து உக்காருங்க."

"என் மனுவைக் கூப்பிட்டாங்களா சார்?"

"இல்லம்மா, ஒரு நாவலைப் பத்திப் பேசுறோம். உங்களை மாதிரி ஒரு குடும்பத்துக் கதைதான்."

"அவங்களுக்கு நிலம் கெடச்சுதா?"

தலைமை எழுத்தர் பின்னட்டை மட்டும்தான் படித்திருந்தார். "உள்ள ஃபேன் காத்து நல்லா வரும், வாங்க," என்றார்.

பெரிய அதிகாரி எழுந்தார். "இந்த நாவலை வாசிச்சு நான் கைக்குட்டை கைக்குட்டையா நனைச்சேன்," என்று தொடங்கினார். மேஜைமேல் அவருடைய பிரதி கண்ணாடித்தாள் உறை பிரிக்காமல் மின்னியது. ஊழியர்கள் உருக்கமாகத் தலையாட்டினார்கள்.

அடுத்து சர்வேயர். "கதை எப்படியோ சார், எல்லையெல்லாம் பிரமாதம். ரெண்டாம் பக்கத்துலயே வரைபடம் போட்டிருக்காங்க. கிழக்க ஓடை, மேற்க யானைப் பாறை, தெற்க ஆறு. இப்படித் துல்லியமா யாருமே மனுப் போடுறதில்ல."

ஆவணக் காப்பாளர் சும்மா இருப்பாரா? "முதல் பக்கத்துல வம்சாவளி சார். கடைசியில அவங்க மொழிக்குச் சொற்பட்டியல். எல்லாம் அச்சுல. பதிப்பாளர் முகவரிகூட இருக்கு. என் சர்வீஸ்ல இவ்வளவு முழுமையான விண்ணப்பத்தைப் பார்த்ததே இல்ல. பாவம், நாயகியோட மனு தள்ளுபடியாயிடுச்சு."

"அப்படியும் அந்தப் பொண்ணுக்கு நிலம் கிடைக்கலையா?" அதிகாரியின் குரல் தழுதழுத்தது. "எந்தக் கல்நெஞ்சக்காரன் மறுத்தான்?"

தலைமை எழுத்தர் பின்னட்டையைப் பார்த்தார். "நில அலுவலகம்னு போட்டிருக்கு சார்."

சபை வெட்கத்தில் குனிந்தது. மேற்படி நாவலின் நாயகிக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் துடைத்தெறியும் பொருட்டு அன்னாருக்கு மேற்படி நிலத்தை வழங்குவது என அங்கேயே தீர்மானம் முன்மொழியப்பட்டது. சர்வேயர் வரைபடத்தைச் சரிபார்த்தார். ஓடை, பாறை, ஆறு மூன்றும் சேர்ந்திருப்பது இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான்.

ஆற்றோரத்து அம்மா எழுந்து நின்றாள். "அய்யா, அது எங்க நிலம்."

"உங்ககிட்ட வம்சாவளி இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"சொல்றேன், எழுதிக்கங்க. எங்க அம்மா, அவங்க அம்மா, அவங்களைப் பெத்தவங்க..."

"அச்சாகியிருக்கா?"

"வாயில இருக்குங்க."

"வாயைக் கோப்புல இணைக்க முடியாதும்மா. சரி, உங்க மொழியாவது தெரியுதான்னு பார்ப்போம். மழைக்கு என்ன சொல்வீங்க?"

அவள் சொன்னாள். சொற்பட்டியலைத் தேடிப் பார்த்தார்கள். அந்தச் சொல் அதில் இல்லை. பட்டியலில் இருந்த சொல்லை வாசித்துக் காட்டினால், இப்படி எங்க ஊரில் யாருமே பேச மாட்டார்கள் என்று சாதித்தாள். மனுதாரருக்குத் தாய்மொழி தெரியவில்லை எனக் குறிப்பு எழுதப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பத்திரம் தயாரானது. விண்ணப்பதாரரான நாயகி உயிரோடு இருக்கிறார் என்ற சான்று ஒன்றுதான் பாக்கி. அதற்காகத் தலைமை எழுத்தர் மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். கொட்டுகிற மழையில், தன் நிலத்து வரப்பிலேயே, அவள் மொழி தெரிந்த ஒருத்தரும் பக்கத்தில் இல்லாமல் நாயகி செத்துப் போனாள். தலைமை எழுத்தர் நிஜமாகவே அழுதார். சொந்த மாமனார் போனபோதுகூட அப்படி அழவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். "அம்மா, ஒரு வழி இருக்கு. அந்த நாயகியை உங்க அத்தைன்னு சொல்லிடுங்க. வாரிசுன்னு போட்டு நான் முடிச்சுத் தர்றேன்."

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே சார்."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? சும்மா சொல்லுங்கம்மா."

"எங்க அம்மாவை அந்த மண்ணுலதான் பொதச்சிருக்கோம். கதையில வர்றவளை அத்தைன்னு சொல்லி வாங்கினா, அப்புறம் எங்க அம்மா அங்க யாரு?"

தலைமை எழுத்தர், பதில் தெரியாத கோப்புகளை எப்போதும் செய்வது போல இதையும் மேலே அனுப்பிவிட்டார்.

அதிகாரி சட்டப்படி நடந்துகொண்டார். உரிமையாளர் இறந்துவிட்டார்; வாரிசு இல்லை; வாரிசில்லாத நிலம் அரசுக்குச் சொந்தம். அரசு நிலத்தில் குடியிருக்கும் ஆற்றோரத்து அம்மா ஆக்கிரமிப்பாளர். காலி செய்யச் சொல்லி அவளுக்கு நோட்டீஸ். தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்று இத்தனையும் அறிக்கையில் ஏறியது. மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது.

நோட்டீஸைக் கையில் வாங்கியவள் நேரே அதிகாரியின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். அலுவலகமே பின்னால் கூடிவிட்டது.

"என் நிலம் எனக்குக் கெடைக்க என்னதான் வழி? சொல்லுங்க!"

அதிகாரி நியாயஸ்தர். கண்ணை மூடி யோசித்தார். "யாராவது உங்களை வச்சு ஒரு நாவல் எழுதணும். வரைபடம், வம்சாவளி, சொற்பட்டியல் எல்லாம் கச்சிதமா இருக்கணும். முக்கியமா, கடைசியில நீங்க சாகக் கூடாது."

அந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும் தலைமை எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை. அவர் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"சாகலைன்னா அதை யார் சார் படிப்பாங்க?" என்றார்.